கழுத்து வலிக்குத் தோளில் வைத்தியம்



கழுத்து வலித்தால் கழுத்தைப் பிடித்துவிடுவதும், முதுகு வலித்தால் முதுகில் தைலம் தேய்ப்பதும் நம் வழக்கம். வலி எங்கே தோன்றுகிறதோ அங்கேதான் நோயும் குடியிருக்கிறது என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் நம் உடல் ஒரு கூட்டுக் குடும்பம் போன்றது. ஒருவர் தம் பங்கு வேலையைச் செய்யத் தவறினால் இன்னொருவர் அதையும் சேர்த்துச் சுமப்பார். இறுதியில் களைத்துப்போய் முறையிடுபவரும் அவராகவே இருப்பார். கழுத்துக்கும் தோளுக்கும் உள்ள உறவு இத்தகையதே. முறையிடுவது கழுத்து, முறையீட்டின் காரணம் பல வேளைகளில் தோள். இவ்வுண்மையை இயன்முறை மருத்துவர்கள் இன்று நன்கு அறிந்திருக்கிறார்கள். நம் குடும்பங்களும் அறிந்துகொள்வது நலம் எனக் கருதி, இம்மாதம் இப்பொருளை எடுத்துக்கொள்கிறோம்.

தோளால் வாழும் ஊர்

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் இக்கடற்கரையோரம் தோள் வலிமையால் வளர்ந்த பகுதி என்றால் மிகையாகாது. சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன் கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. மசூலாப் படகுகளில் சரக்கையும் பயணிகளையும் ஏற்றி, அலைகளைப் பிளந்து கரைசேர்த்தவர்கள் இப்பகுதிப் படகோட்டிகளே. இராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயம் அவர்களுடைய உழைப்பின் நினைவாக இன்றும் நிற்கிறது. 1856-இல் தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. துறைமுகமும் இரயிலும் வந்தபின் மூட்டைகள் பெருகின; மூட்டைகளைத் தாங்கிய தோள்களும் பெருகின.

1983-ஆம் ஆண்டு டிசம்பரில், நாட்டிலேயே முதன்முதலாகச் சரக்குப் பெட்டகங்களுக்கென ஒரு முனையம் சென்னைத் துறைமுகத்தில் தொடங்கப்பட்டது. முன்னர் நூறு பேர் முதுகில் சுமந்ததை ஒரு பாரந்தூக்கி சில நிமிடங்களில் இறக்கியது. அத்துடன் தோளின் துன்பம் தீர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அத்துன்பம் தன் வேடத்தை மாற்றிக்கொண்டது, அவ்வளவே. பாரந்தூக்கியின் கூண்டில் அமர்ந்திருப்பவர் மணிக்கணக்காகக் குனிந்து, தம் கால்களுக்குக் கீழே தெரியும் பெட்டகத்தையே நோக்கியிருக்க வேண்டும். பெட்டகங்களைக் கப்பலோடு பிணைப்பவர் கனத்த இரும்புக் கம்பிகளைத் தலைக்கு மேல் உயர்த்திப் பூட்ட வேண்டும். டிரைலர் ஓட்டுநர் எண்ணூர் நெடுஞ்சாலையில் நீண்ட வரிசையில் காத்திருந்து, இருபுறமும் திரும்பித் திரும்பிப் பார்த்தே வண்டியை நகர்த்த வேண்டும். மறுபுறம், பழைய சுமைகளும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கிடங்குகளில் சிமெண்ட் மூட்டையும் அரிசி மூட்டையும் இன்னும் மனிதத் தோளில்தான் ஏறுகின்றன. காசிமேட்டில் மீன்கூடை இன்னும் சும்மாட்டின்மேல்தான் பயணம் செய்கிறது.

இவர்களுக்கெல்லாம் பொதுவாக வரும் தொல்லை ஒன்றுண்டு. கழுத்து ஒரு பக்கமாகத் திரும்ப மறுக்கும். ஓட்டுநருக்கு இது வெறும் வலியன்று, உயிர்ப் பிரச்சினை. கழுத்து திரும்பாதவர் பக்கவாட்டில் வரும் சைக்கிள்காரரைக் காணமாட்டார். ஆயினும் அவர் அதை வெளியே சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் வண்டிச் சாவி இன்னொருவர் கைக்குப் போய்விடும் என்ற அச்சம்!

பாய்மரமும் கயிறுகளும்

தோள் எவ்வாறு கழுத்தைக் கட்டிப்போடுகிறது என்பதைச் சற்று விளக்கமாகக் காண்போம். கடலோர மக்களுக்கு இதை விளக்குவது எளிது. பாய்மரம் தானாக நிற்பதில்லை. அதன் உச்சியிலிருந்து படகின் இரு விளிம்புகளுக்கும் இழுத்துக் கட்டிய கயிறுகளே அதை நிறுத்துகின்றன. ஒரு பக்கத்துக் கயிறு அளவுக்கு மீறி இறுகினால் மரம் சாயும். சாய்ந்த மரத்தைப் பிடித்து உலுக்குவதால் பயனில்லை. கயிறு கட்டியிருக்கும் இடத்திற்குச் சென்று தளர்த்த வேண்டும்.

நம் கழுத்தில் ஏழு எலும்புகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின்மேல் ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலை அமர்ந்திருக்கிறது. தோளிலோ முக்கோண வடிவான தோள்பட்டை எலும்பு, விலா எலும்புகளின்மேல் வழுக்கிச் செல்லும் வண்ணம் அமைந்துள்ளது. இதனை உடலின் நடுக்கூட்டோடு இணைக்கும் எலும்பு காறை எலும்பு ஒன்றே. மற்றபடி தோள்பட்டையைத் தாங்கி நிற்பவை யாவும் தசைகளே. அவற்றுள் இரண்டை நாம் இங்குச் சிறப்பாக அறிய வேண்டும்.

முதலாவது, சரிவகத் தசை. இது மண்டையோட்டின் அடிப்பகுதியிலும் கழுத்தின் பின்புற நடுக்கோட்டிலும் தொடங்கி, காறை எலும்பின் வெளிமுனையிலும் தோள்பட்டையின் மேல்விளிம்பிலும் வந்து சேர்கிறது. களைத்தவர்கள் தாமாகவே கையை வைத்து அழுத்திக்கொள்ளும் தோளின் மேற்சதை இதுவே. இரண்டாவது, தோள்பட்டையை உயர்த்தும் தசை. இது கழுத்தின் முதல் நான்கு எலும்புகளின் பக்கமுனைகளிலிருந்து இறங்கி, தோள்பட்டையின் உள்பக்க மேல்மூலையைப் பற்றுகிறது. ஆக, இவ்விரண்டு தசைகளுக்கும் ஒரு முனை கழுத்தில், மறு முனை தோளில். கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறு முனை அசையாதிருக்குமோ?

இனி எடைக் கணக்கைப் பாருங்கள். ஒரு கையின் எடை உடலெடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வொரு கையும் மூன்று கிலோ. நாம் நிற்கும்போதும் அமரும்போதும் இவ்வெடை தோள்பட்டையிலிருந்து தொங்குகிறது. தோள்பட்டையோ மேற்கூறிய தசைகளின் வழியே கழுத்திலிருந்து தொங்குகிறது. ஈரத்துணியைச் சுமக்கும் கொடிபோல் கழுத்து நாள் முழுதும் கைகளைச் சுமக்கிறது என்றே சொல்லலாம். இதன்மேல் ஐம்பது கிலோ மூட்டை ஒன்று ஒரே தோளில் ஏறினால் நிலை என்னவாகும்? சுமக்கும் தோள் நழுவாதிருக்க மேலே உயரும். தலை மறுபக்கம் சாயும். அந்நிலையிலேயே தசை இறுகிக் கட்டியாகும். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு நிகழ்ந்தபின், சுமை இறங்கினாலும் தசை தளர்வதில்லை.

நலமுள்ள இளைஞர் ஒருவர் தம் முகத்தை ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 80 பாகை திருப்ப முடியும். அதாவது மோவாய் தோளுக்கு நேரே வந்துவிடும். இத்திருப்பத்தில் பாதி, கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே நிகழ்கிறது. தோள்பட்டையை உயர்த்தும் தசையோ அவ்விரண்டையும் பற்றியுள்ளது. அது இறுகிவிட்டால் கழுத்து எலும்பு தேய்ந்திராவிட்டாலும் திருப்பம் குறையும். ‘எலும்பு தேய்ந்துவிட்டது’ என்று எண்ணி ஏங்குவோர் பலரிடம் இந்தத் தசைப்பிடிப்பே பெரும்பங்கு வகிப்பதுண்டு. நாற்பது வயதைக் கடந்தவர்களின் கழுத்தைப் படமெடுத்தால், வலியே இல்லாதவர்களிடத்தும் தேய்மானம் தெரிவது மிகச் சாதாரணம்.

இன்னொரு வழியிலும் தோள் கழுத்தை வருத்தும். 1944-இல் அமெரிக்க மருத்துவர் இன்மனும் அவருடைய தோழர்களும் கை உயரும் விதத்தை ஆராய்ந்தனர். கையைத் தலைக்கு மேல் 180 பாகை உயர்த்தும்போது, ஏறத்தாழ 120 பாகை தோள்மூட்டிலும், 60 பாகை தோள்பட்டை விலாவின்மேல் நகர்வதாலும் கிடைக்கிறது என்று அவர்கள் கண்டனர். தோள்மூட்டு இறுகிவிட்டால் அந்த 120 குறைகிறது. ஆயினும் சட்டை போட வேண்டும், தலை வார வேண்டும், பரணிலிருந்து பாத்திரம் எடுக்க வேண்டும். எனவே மனிதர் தோளை முழுவதுமாகக் காதுவரை தூக்கிக் கையை உயர்த்துகிறார். அந்தக் கூடுதல் வேலை சரிவகத் தசையின்மேல் விழுகிறது. நாளடைவில் கழுத்து வலிக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகும் நோய் மற்றவரைவிட அதிகமாக வருகிறது. எனவே அவர்கள் கழுத்து வலி என்று சொல்லும்போது கை முழுதும் உயர்கிறதா என்பதையும் பார்த்தல் அவசியம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

கழுத்துப் பிடிப்பில் தோளின் பங்கு எவ்வளவு என்பதை ஓரளவு வீட்டிலேயே அறியலாம். வலியுள்ளவர் முக்காலியில் நிமிர்ந்து அமரட்டும். முகத்தை மெல்ல வலப்புறம் திருப்பி, சுவரில் எந்தப் பொருள் வரை பார்வை செல்கிறது என்று குறித்துக்கொள்ளட்டும். பின்னர் இடப்புறமும் அவ்வாறே. இப்போது மனைவியோ மகனோ பின்னால் நின்று, அவருடைய இரு முழங்கைகளையும் அடியிலிருந்து தாங்கி, தோள்கள் இரண்டும் ஓர் அங்குலம் உயரும்படி மெல்லத் தூக்கட்டும். தூக்குபவர்தாம் எடையைத் தாங்க வேண்டும். அமர்ந்திருப்பவர் கைகளைத் தளர விட்டுவிட வேண்டும். இந்நிலையில் மீண்டும் முகத்தைத் திருப்பட்டும். முன்னைவிட அதிகமாகத் திரும்பினாலோ, வலி குறைந்தாலோ, கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது தோளே என்பது புலனாகும்.

இது வெறும் கைப்பக்குவம் அன்று. அமெரிக்காவில் இயன்முறை மருத்துவ ஆய்வாளர் லிண்டா வான் டில்லனும் அவருடைய குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்து வலியுள்ளவர்களின் தோள்பட்டைகளைப் பிறர் உயர்த்திப் பிடித்தபோது, கழுத்தைத் திருப்பும் வேளையில் தோன்றிய வலி பெரும்பாலோருக்குக் குறைந்ததைக் கண்டனர். கழுத்தை எவரும் தொடவில்லை. தோளின் எடையை ஏற்றுக்கொண்டார்கள். கழுத்து விடுதலை பெற்றது. சோதனையில் மாற்றம் ஏதும் தெரியாவிடில் காரணம் வேறெங்கோ உள்ளது எனக் கொண்டு மருத்துவரை அணுகுதலே முறை.

கை செய்யும் வேலை

இப்பிடிப்பை நீக்கத் தோளின்மேல் கையால் செய்யும் சிகிச்சை நம் நாட்டுக்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்னும் பெயரால் தட்டல், பிடித்தல், அழுத்தல் முதலிய முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. இன்றைய இயன்முறை மருத்துவர் இதனை உடற்கூற்றறிவோடு செய்கிறார். முதலில் ஒத்தடத்தால் தசையை இளக்குவார். பின்னர்த் தோளின் மேற்சதையில் முடிச்சாகத் திரண்டிருக்கும் இடத்தைக் கண்டு, தாங்கக்கூடிய அளவில் அழுத்திப் பிடித்து மெல்ல விடுவார். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோள்பட்டையைத் தம் இரு கைகளுக்குள் அடக்கி, மேலும் கீழும் முன்னும் பின்னும் விலாவின்மேல் நகர்த்துவார். தோள்மூட்டு இறுகியிருந்தால் அதன் பின்புறத்தையும் இளக்குவார். இவற்றிற்குப் பின்னர்க் கழுத்தைத் திருப்பச் சொன்னால், பலருக்கு அங்கேயே வேறுபாடு தெரியும்.

இவ்வேறுபாடு எதனால்? ‘விலகிய எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது’ என்று சிலர் கூறுவர். அது சரியான விளக்கமன்று. எலும்பு அவ்வளவு எளிதில் விலகுவதுமில்லை, வருவதுமில்லை. இரு காரணங்கள் உள. ஒன்று, கயிற்றின் இறுக்கம் சற்றுத் தளர்கிறது. மற்றொன்று, நரம்புகளின் வழியே நிகழ்வது. வலியுள்ள இடத்தைக் காக்கும்பொருட்டு நம் மூளை சுற்றியுள்ள தசைகளை இறுக்கி வைக்கிறது. பரிவும் பயிற்சியும் உள்ள கை தொடும்போது ஆபத்து குறைந்தது என்ற செய்தி மூளைக்குச் செல்கிறது, காவல் தளர்கிறது. அழும் குழந்தையின் முதுகைத் தாய் தடவிக்கொடுக்கும்போது நிகழ்வதும் இதைப்போன்றதே.

ஆனால் ஓர் உண்மையை நாம் மறைக்கலாகாது. கைச்சிகிச்சையால் மட்டும் கிடைக்கும் நலம் நெடுநாள் நிலைப்பதில்லை. சில மணி நேரமோ சில நாட்களோ இருந்து மறையும். வாராவாரம் பணம் கொடுத்துப் பிடித்துவிடச் செய்துகொண்டு, மற்ற நாட்களில் ஒன்றும் செய்யாதிருப்பவர் ஓட்டைப் படகில் நீரை இறைத்துக்கொண்டே இருப்பவரை ஒப்பார். கைச்சிகிச்சை கதவைத் திறந்துவிடுகிறது. திறந்த கதவின் வழியே நாம்தாம் நடக்க வேண்டும். அந்நடையே பயிற்சி.

பயிற்சியின் பயன்

2008-இல் டென்மார்க்கிலிருந்து வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. கழுத்துத் தசை வலியால் வருந்திய பணிபுரியும் பெண்களுள் ஒரு பிரிவினர் சிறு எடைகளைக் கையிலேந்தித் தோளை உயர்த்தி இறக்குவது போன்ற பயிற்சிகளைச் செய்தனர். மற்றொரு பிரிவினர் நிலையான சைக்கிளை மிதித்தனர். நாளொன்றுக்கு 20 நிமிடம், வாரத்தில் மூன்று நாள், பத்து வாரங்கள். தோளுக்கு வலுவூட்டியவர்களின் கழுத்து வலி வெகுவாகக் குறைந்தது; சைக்கிள் மிதித்தவர்களுக்குக் கிடைத்த பயன் சிறிதே. கழுத்துக்கான மருந்து இங்கும் தோளில்தான் இருந்தது.

‘நாள் முழுதும் மூட்டை தூக்குகிறோமே, அது பயிற்சியாகாதா?’ என்று நம் தொழிலாளத் தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. மூட்டை தூக்கும்போது தசை இறுகிய நிலையிலேயே நெடுநேரம் நிற்கிறது, ஓய்வும் கிட்டுவதில்லை. பயிற்சியிலோ தசை முழு அளவுக்குச் சுருங்கி, முழு அளவுக்கு விரிகிறது. சுமை சிறிது, ஓய்வு போதிய அளவு, இருபக்கமும் சமம். முன்னது செலவு, பின்னது சேமிப்பு.

வீட்டில் செய்யத்தக்கவை எளியன. தோள்கள் இரண்டையும் காதை நோக்கி உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, முழுவதுமாகத் தளரவிடுவது ஒன்று. தோள்பட்டைகளைப் பின்னோக்கி ஒன்றையொன்று நெருங்கச் செய்து விடுவது இரண்டு. சுவரை நோக்கி நின்று இரு உள்ளங்கைகளையும் சுவரில் வைத்து, மெல்ல மேலே நகர்த்தி இறக்குவது மூன்று. மோவாயைச் சற்று உள்ளிழுத்து நிமிர்ந்து அமர்ந்து, முகத்தை வலமும் இடமும் நிதானமாகத் திருப்புவது நான்கு. ஒவ்வொன்றும் பத்து முறை, காலையும் மாலையும். வலி சற்றுத் தோன்றி உடனே அடங்கினால் தொடரலாம். மறுநாள் வரை நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும். அமர்ந்திருக்கும்போது முழங்கைகளுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்வதும் கழுத்தின் பாரத்தைக் குறைக்கும்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

இனி எச்சரிக்கையாகச் சில சொல்ல வேண்டும். முடிதிருத்தகங்களில் தலையைப் பற்றிச் ‘சடக்’கெனத் திருப்பிக் கழுத்தில் நெட்டி முறிக்கும் வழக்கம் நம் ஊர்களில் உள்ளது. அந்த ஓசையில் ஒரு சுகம் இருப்பதாகப் பலர் கருதுகின்றனர். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரு நாளங்கள் கழுத்தெலும்புகளின் துளைகளுக்குள்ளேயே மேலேறிச் செல்கின்றன. திடீர்த் திருப்பத்தில் அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். இது அரிது, ஆயினும் வந்தால் மீட்பது கடினம். அழகு நிலையத்தில் கழுத்தைப் பின்னோக்கி வளைத்துத் தலைகழுவும்போதுகூட இத்தகைய பக்கவாதம் நேர்ந்ததை 1993-இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் பதிவு செய்தார். எனவே கழுத்தை முறிக்க எவருக்கும் இடம் கொடாதீர்கள். தோளை இளக்குவதில் இவ்வபாயம் இல்லை என்பதும் அச்சிகிச்சையின் சிறப்புகளுள் ஒன்று.

தோள் வலியும் கழுத்து வலியும் எல்லாம் தசைப்பிடிப்பே என்று கொள்வதும் தவறு. இடத்தோளிலும் கழுத்திலும் தாடையிலும் வலி, அத்துடன் வியர்வையும் மூச்சுத்திணறலும் கண்டால், அது மாரடைப்பாக இருக்கலாம். தைலப் புட்டியைத் தேடாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் மூளை உறைக் காய்ச்சலாக இருக்கக்கூடும். கை மரத்துப்போதல், பிடித்த பொருள் நழுவுதல், நடை தடுமாறுதல், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவை தண்டுவடம் நெருக்கப்படுவதன் அறிகுறிகள். விழுந்து அடிபட்டபின் வந்த வலி, இரவிலும் ஓயாத வலி, காரணமின்றி எடை குறைதல், பித்தப்பைக் கோளாற்றால் வலத்தோள் முனையில் வரும் வலி ஆகிய இவையெல்லாம் மருத்துவர் காண வேண்டியவை. பிடித்துவிடுபவர் கைக்கு உரியவை அல்ல.

வலி மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கி, நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதைவிடக் கொடியது வேறொன்று. ‘உடம்பு வலி தெரியாமலிருக்கத்தான் குடிக்கிறேன்’ என்னும் சொல் இப்பகுதியில் எத்தனை வீடுகளில் ஒலிக்கிறது என்பதைப் பங்குப் பணியில் இருக்கும் நாம் அறிவோம். அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடுவதும் முறையன்று, வலி உண்மையானது. ஆனால் மது தோளின் முடிச்சை அவிழ்ப்பதில்லை. குடும்பத்தின் முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. குடியைக் கண்டிக்கும் இல்லத்தரசிகள், அதனோடு கூட, கணவரின் தோளைக் குறித்தும் ஒருமுறை விசாரிக்கட்டும். வலிக்கு வழி கிடைத்தால், குடிக்குச் சொல்லும் காரணங்களுள் ஒன்றேனும் குறையுமன்றோ?

உதவி தொலைவில் இல்லை

சிகிச்சைக்குப் பெருஞ்செலவு ஆகுமோ என அஞ்ச வேண்டாம். இப்பகுதி மக்களுக்கு அருகிலேயே அரசு ஸ்டான்லி மருத்துவமனை உள்ளது. கை அறுவைச் சிகிச்சையிலும் மறுவாழ்விலும் மருத்துவர் ஆர். வெங்கடசாமி போன்றோரின் உழைப்பால் நாடறிந்த இடம் அது. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அத்திட்டத்தின் மருத்துவமனைகள் உரிமையானவை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வரும்படி வகுக்கப்பட்டது. நடமாட இயலாத முதியோர் வீட்டிலிருந்தால் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள். கேட்பது இரத்தலன்று; உரிமை.

சுமையைக் குறைப்பது யார்?

இறுதியாக, தோளை எவ்வளவு இளக்கினாலும், மறுநாள் அதே சுமை அதே விதமாய் ஏறுமாயின் பயனென்ன? பன்னாட்டுத் தொழில் நிறுவனம் 1967-இலேயே, வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவை மிஞ்சலாகாது எனப் பரிந்துரைத்தது. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், தீங்கு விளைவிக்கக்கூடிய பெருஞ்சுமையை எவரையும் சுமக்கச் செய்யலாகாது என்று தன் 34-ஆம் பிரிவில் விதித்தது. தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஏட்டில் உள்ளவை கிடங்கின் வாசல்வரை வந்தனவா என்று பார்க்க வேண்டியவர்கள் முதலாளிகளும், சங்கங்களும், அவற்றோடு நாமும்.

கிடங்கு உரிமையாளர்கள் ஒரு கைவண்டியோ சக்கரப் பலகையோ வாங்கி வைத்தால் பல தோள்கள் பிழைக்கும். தோள் மாற்றிச் சுமப்பதும், இருவராய்ச் சேர்ந்து தூக்குவதும், இரண்டு மணி நேரத்துக்கொருமுறை சில நிமிடம் கைகளை விரித்து இளைப்பாறுவதும் செலவற்றவை. பாரந்தூக்கி இயக்குபவர்க்கும் ஓட்டுநர்க்கும் இடையிடையே இறங்கி நடக்க நேரம் தருவது சலுகையன்று, விபத்துத் தடுப்பு. ஓட்டுநர் தம் கழுத்து வலியை அச்சமின்றிச் சொல்லக்கூடிய இடமாகப் பணியிடம் இருந்தால், சாலையில் செல்லும் நம் பிள்ளைகளும் பாதுகாப்பாக வீடு திரும்புவார்கள்.

வீட்டிலும் சுமைகள் உண்டு. தண்ணீர்க் குடம் எப்போதும் ஒரே இடுப்பில் ஏறினால் மறுபக்கத் தோள் இழுபடும். இரண்டு சிறு குடங்களாகக் கொணர்வதும், ஆண்மக்கள் அதில் பங்கேற்பதும் நன்று. பிள்ளைகளின் புத்தகப்பை அவர்கள் உடலெடையில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என 2020-இல் மத்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கை கூறியது. பையை ஒற்றைத் தோளில் மாட்டுவதை விட்டு இரு தோளிலும் மாட்டப் பழக்குங்கள். திருவிழாவில் சப்பரம் சுமக்கும் இளைஞர்களும் உயரம் ஒத்தவர்களாய் அணிவகுத்து, அடிக்கடி தோள் மாற்றிக்கொள்ளட்டும். பக்திக்கு இது குறைவாகாது.

துன்பத்தில் துணை நிற்பவரை ‘தோள் கொடுத்தார்’ என்று தமிழில் சொல்கிறோம். தோளுக்கும் ஒருவர் துணை நிற்க வேண்டிய காலம் வருமென்பதை அச்சொல் நமக்கு நினைவூட்டட்டும். இன்றிரவு உணவுக்குப் பின், உழைத்து வந்தவரை முக்காலியில் அமர்த்தி, அவர் முழங்கைகளைத் தாங்கிப் பிடித்து, ‘இப்போது திரும்பிப் பாருங்கள்’ என்று சொல்லுங்கள். அவர் முகம் எவ்வளவு தூரம் திரும்புகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவு நாளுக்கு நாள் கூடுமாறு செய்வதைக் குடும்பத்தின் பொறுப்பாக ஏற்றுக்கொள்வீர்களாக.